கன்னங்குறிச்சியில் ஜாவா சில்லை: அயல்நாட்டுப் பறவை நம் நாட்டின் பட்டியலில் எப்போது இடம்பெறும்?

கேள்வி
எழுதியவர்: கன்னங்குறிச்சி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். கன்னங்குறிச்சியைத் தாண்டி, சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு கம்பங்கொல்லையில் புள்ளிச் சில்லைக் கூட்டத்தோடு மூன்று ஜாவா சில்லைகள் கதிர் கொத்திக்கொண்டிருந்ததை எங்கள் பள்ளியின் பசுமை மன்ற மாணவர்களோடு பார்த்தேன். அடையாளத்தில் ஐயம் எதுவும் இல்லை. புள்ளிச் சில்லையைவிடப் பருத்த உடல், கரிய தலையில் பளிச்சென்ற வெள்ளைக் கன்னம், சாம்பல் முதுகு, வெளிறிய இளஞ்சிவப்பு வயிறு, முகத்தையே அடைத்துக்கொண்டிருக்கும் தடித்த சிவந்த அலகு என எல்லாமே படங்களில் தெளிவாக இருக்கின்றன. மூன்றில் இரண்டு இந்த இயல்பான நிறத்தில் இருந்தன; மூன்றாவது முழு வெள்ளை. இயல்பான நிறமுடைய ஒன்று நீளமான புல்லிழையைக் கவ்விக்கொண்டு, பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த ஓட்டு வீட்டின் தாழ்வாரத்து இடுக்குக்குள் நுழைந்து, சிறிது நேரத்தில் வெறும் அலகோடு வெளியே வந்தது.

ஜாவா, பாலித் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பறவை தானாகப் பறந்து சேலத்துக்கு வந்திருக்க வழியில்லை. ஏதோ ஒரு வீட்டுக் கூண்டிலிருந்தோ கடையிலிருந்தோ தப்பியிருக்க வேண்டும். அதனாலேயே மாணவர்களுக்குள் கருத்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. கூண்டிலிருந்து வந்ததைக் காட்டுப்பறவையோடு சேர்த்து எழுதினால் கணக்கே கெட்டுவிடும், ஆகவே விட்டுவிட வேண்டும் என்றது ஒரு தரப்பு. இங்கிலாந்து நாட்டின் பறவைப் பட்டியலில் நம்மூர்ப் பச்சைக்கிளிக்கு இடம் இருக்கும்போது, இங்கே திரிகிற ஜாவா சில்லைக்கு மட்டும் ஏன் இடமில்லை என்று கேட்டது இன்னொரு தரப்பு. எனக்கும் இதில் தெளிவான விடை இல்லாததால் இங்கே கேட்கிறேன். ஒரு நாட்டின் பறவைப் பட்டியலில் அயல்நாட்டு இனம் எப்போது, எந்த அடிப்படையில் சேர்க்கப்படுகிறது? அதை முடிவு செய்பவர்கள் யார்? அந்த நிலையை எட்டாத பறவையைப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் நாங்கள் குறிப்பது சரியா, தவறா?


மறுமொழி 1
எழுதியவர்: ஏற்காடு காப்பித்தோட்டக்காரர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மாணவர்களின் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பார்த்ததைப் பதிவு செய்வது, நாட்டின் பட்டியலில் சேர்ப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் ஒன்றாக எண்ணியதால்தான் அவர்களுக்குள் மோதல் வந்திருக்கிறது. முதல் வேலையை அன்றைக்கே, பார்த்தவரே செய்ய வேண்டும். இரண்டாவது வேலை பல ஆண்டுகள் கழித்து, அப்படிச் சேர்ந்த பதிவுகளையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கக்கூடிய வல்லுநர்கள் செய்வது. முதல் வேலை நடக்காத இடத்தில் இரண்டாவதற்கு ஆதாரமே இருக்காது என்பதால், உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்: கட்டாயம் குறியுங்கள்.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் இணையதளத்தில் 2022 ஆகஸ்ட் முதல் அயல்நாட்டு இனங்களை நிலைபெற்றவை, இன்னும் உறுதிப்படாதவை, கூண்டிலிருந்து தப்பியவை என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். பார்த்தவர் இனத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதிப் படத்தை இணைத்தால் போதும். அது எந்த வகையில் சேரும் என்பதை அந்தப் பகுதிக்கான சரிபார்ப்பாளர்கள் முடிவு செய்துகொள்வார்கள். தப்பியவை என்ற வகையில் வரும் பறவை உங்கள் மொத்த இனக் கணக்கில் ஒன்றாகக் கூடாது, ஆனால் பதிவு அழியாமல் அங்கேயே இருக்கும். கணக்குக் கெடுமே என்று கவலைப்பட்ட மாணவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இனி, பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தை மாணவர்கள் சுட்டிக்காட்டியது பொருத்தம்தான், ஏனென்றால் இந்தச் சிக்கலை மிகவும் கறாராகக் கையாளும் பட்டியல்களில் பிரித்தானியப் பட்டியலும் ஒன்று. பிரித்தானியப் பறவையியலாளர் சங்கம் அதைப் பராமரிக்கிறது. தானாக வந்த காட்டுப்பறவைகளுக்கு ஏ, பி என இரு வகைகள். மனிதரால் கொண்டுவரப்பட்டு, பிறகு மனித உதவியின்றித் தாமே இனம் பெருக்கி நிலைத்துவிட்டவை சி வகையில் வரும். காட்டிலிருந்து வந்ததா, கூண்டிலிருந்து வந்ததா என்று தீர்மானிக்க முடியாதவை டி; தப்பித் திரியும் மற்றவையெல்லாம் ஈ. கடைசி இரண்டு வகைகளும் பட்டியலுக்கு வெளியே வைக்கப்படுகின்றன, ஆனால் அவற்றுக்கும் பதிவேடு உண்டு. நம் பச்சைக்கிளி அங்கே 1969-லேயே காட்டு நிலையில் குஞ்சு பொரித்துவிட்டது. ஆயினும் 1983-இல்தான் சி வகையில் அதைச் சேர்த்தார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் அது தானே பிழைத்துப் பெருகுகிறதா, கூண்டிலிருந்து புதிது புதிதாகத் தப்புகிற பறவைகளால்தான் அந்த எண்ணிக்கை நீடிக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்தார்கள். கிளி பிழைப்பது கண்ணுக்குத் தெரியும்; தன் குஞ்சுகளின் குஞ்சுகளால் பிழைக்கிறதா என்பது ஆண்டுக்கணக்கான பதிவுகளில்தான் தெரியும்.

அமெரிக்கப் பறவை நோக்குநர் சங்கம் தன் பட்டியலுக்கு ஒரு காலவரையறையே வைத்திருக்கிறது. ஓர் அயல் இனத்தின் கூட்டம் குறைந்தது 15 ஆண்டுகளாவது அங்கே இருந்திருக்க வேண்டும். மனிதர் வைக்கும் தீவனத்தையோ மறுபடி மறுபடி நடக்கும் விடுவிப்பையோ நம்பியிராமல் தன் எண்ணிக்கையைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். நம் ஏற்காட்டுத் தோட்டங்களில் காலையில் முதலில் குரல் கொடுக்கிற செம்மீசைச் சின்னான், புளோரிடாவின் மயாமிப் பகுதியில் கூண்டிலிருந்து தப்பி நிலைத்து, அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. நம் நெல்வயல்களின் புள்ளிச் சில்லையும் அங்கே இடம்பிடித்த இனம்தான்.

இவ்வளவு காத்திருக்க வேண்டுமா என்று தோன்றலாம். புளோரிடாவிலேயே நடந்த இன்னொன்றைப் பாருங்கள். நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் கிளிகள், 1950-களில் அங்கே காட்டு நிலையில் பெருகத் தொடங்கி, ஆயிரக்கணக்கில் கூட்டம் கூட்டமாகப் பறந்தன. அந்த மாநிலத்தில் நிலைத்தே விட்டது என்று எல்லோரும் நம்பிய நேரத்தில் எண்ணிக்கை சரியத் தொடங்கி, 2010-களின் நடுவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மக்கள் வைத்த கூட்டுப் பெட்டிகளும் தீவனமும் அவற்றின் பிழைப்பில் பெரும்பங்கு வகித்திருந்தன. கூடு வைக்கும் பொந்துகளுக்குப் பிற பறவைகளோடு ஏற்பட்ட போட்டியும் அழிவுக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. கனடாவின் வான்கூவரில் 1890-களில் பரவத் தொடங்கிய கொண்டை மைனாவின் கதை இதைவிட நீளமானது. நூறாண்டுக்கு மேல் அந்த நகரத்தில் வாழ்ந்து, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்த அந்த இனம் 2003-இல் அங்கே முற்றிலும் இல்லாமல் போனது. ஆகவே உங்கள் கம்பங்கொல்லையின் மூன்று பறவைகளைப் பட்டியலின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது.

நம் நாட்டைப் பொறுத்தவரை, பறவை நோக்குவோர் பெரிதும் பின்பற்றுவது பிரவீன் ஜெ., ராஜா ஜெயபால், ஆஷீஷ் பிட்டி ஆகிய மூவரும் 2016-இல் இந்தியன் பேர்ட்ஸ் இதழில் வெளியிட்ட பட்டியலை. அப்போது அதில் 1263 இனங்கள் இருந்தன. அதன்பின் தொடர்ந்து புதுப்பித்து வருகிறார்கள். அருங்காட்சியக மாதிரி, நிழற்படம், ஒலிப்பதிவு போன்ற சரிபார்க்கத்தக்க சான்றுகளை அடிப்படையாகக் கொண்டு, பழைய நூல்களில் சான்றில்லாமல் வழிவழியாக எழுதப்பட்டுவந்த இனங்களைக்கூட மறுபரிசீலனை செய்தது அந்தப் பட்டியலின் பெருமை. அந்தக் கறார் அயல் இனங்களுக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும் என்பது என் கருத்து. படம் ஒரு பறவை இருந்ததைத்தான் நிறுவும். அது நிலைத்ததை நிறுவாது.


மறுமொழி 2
எழுதியவர்: வாழப்பாடி விவசாயி

ஏற்காட்டு அண்ணன் முறைகளை நன்றாக விளக்கியிருக்கிறார். ஆனால் எத்தனை ஆண்டு கழித்தானாலும் அயல்நாட்டுப் பறவையை நம் நாட்டின் பட்டியலில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மலையைச் சுற்றி என்ன நடந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். அழகுச் செடியாக நாட்டுக்குள் வந்த உன்னிச்செடி இன்று காட்டோரம் முழுவதையும் மூடி நிற்கிறது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-இல் ஏற்காட்டில் காப்பி பயிரிட்டதிலிருந்து தோட்டங்கள் பெருகின. பின்னால் அவற்றுக்கு நிழலாக வந்த ஆஸ்திரேலியச் சில்வர் ஓக் மரம், இன்று ஏற்காட்டின் அடையாளமாகவே சுற்றுலாப் படங்களில் நிற்கிறது. அங்கே வளரும் பிள்ளைகளில் பலர் அதை மலையின் சொந்த மரம் என்றே நினைக்கிறார்கள். காப்பியும் சில்வர் ஓக்கும் பிழைப்புக் கொடுத்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைப் பட்டியலில் எழுதி, படம் போட்டு, நூலில் அச்சடித்துவிட்டால், அடுத்த தலைமுறை அதை அந்நியமாகப் பார்க்கும் பார்வையையே இழந்துவிடுகிறது.

இந்த மலையின் பாறைச் சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் வாழ்கிறது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது; அழியும் வாய்ப்புள்ள இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. கொண்டை இல்லாத, கூச்சம் மிகுந்த அந்தப் பறவையை அடிவாரத்தில் வாழ்பவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? மாணவர்களின் கவனத்தை அதன் பக்கம் திருப்ப வேண்டிய நேரத்தில், கடைப்பறவைக்குப் பட்டியலில் இடம் தேடிக்கொண்டிருப்பது முறையாகத் தோன்றவில்லை. மூன்றே மூன்று பறவைகள்தான் இருக்கின்றன என்றால் இப்போதே பிடித்துவிடலாமே. ஜாவா சில்லை தன் தாயகத்திலேயே நெல்வயலில் கூட்டமாக இறங்கும் பறவை என்று படித்திருக்கிறேன். தானியம் விளைகிற ஊரில் அது பெருகட்டும் என்று காத்திருந்து, பெருகியபின் பட்டியலில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.


மறுமொழி 3
எழுதியவர்: சூரமங்கலம் வாசகி

வாழப்பாடி அண்ணாவின் கவலை முழுவதும் எனக்கும் உண்டு. ஆனால் பட்டியலில் சேர்ப்பதை ஒரு மரியாதையாக அவர் கொள்வதில்தான் வேறுபடுகிறேன். பட்டியல் என்பது இன்ன நாட்டில் இன்னின்ன பறவைகள் தாமாக வாழ்கின்றன என்று சொல்லும் நிலவரக் குறிப்பு. அதில் இருப்பதால் ஒரு பறவைக்குப் பாதுகாப்பும் கிடைத்துவிடாது, வெளியே வைப்பதால் அது வயலை விட்டுப் போய்விடவும் போவதில்லை.

இதற்குச் செம்பழுப்பு நிறமுடைய ரட்டி வாத்தைவிடத் தெளிவான சான்று கிடையாது. வட அமெரிக்காவைச் சேர்ந்த அந்த வாத்து, இங்கிலாந்தின் நீர்ப்பறவைப் பண்ணை ஒன்றிலிருந்து 1950-களில் தப்பிப் பெருகியது. 1971-இல் பிரித்தானியப் பட்டியலின் சி வகையில் சேர்க்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 6,000 வாத்துகள் இருந்தன. அவற்றில் சில ஸ்பெயின்வரை பறந்துபோய், அழிவின் விளிம்பிலிருந்து அப்போதுதான் மீண்டுகொண்டிருந்த வெண்தலை வாத்தோடு இணைசேர்ந்து கலப்பினக் குஞ்சுகளை உண்டாக்கின. விட்டிருந்தால் வெண்தலை வாத்து என்ற தனியினமே கரைந்துபோயிருக்கும். அதனால் 2005-இல் பிரித்தானிய அரசே அவற்றை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ முழுவதையும் சுட்டு அகற்றியது. பட்டியலில் இருந்த பறவைதான் அது. எத்தனை வாத்துகள் இருக்கின்றன, குளிர்காலத்தில் எந்தெந்த நீர்த்தேக்கங்களில் கூடுகின்றன என்று பறவை நோக்குவோர் பல ஆண்டுகளாகக் குறித்துவைத்திருந்த கணக்கு இருந்ததால்தான் அந்த வேலையை நடத்த முடிந்தது.

நம் பறவைகளை வைத்தும் இதைப் பார்க்கலாம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு அயல் இனங்கள் என்று 2000-இல் வெளியிடப்பட்ட பட்டியலில் மூன்றே பறவைகள்தான் உள்ளன. ஒன்று ஐரோப்பிய ஸ்டார்லிங். மற்ற இரண்டும் சேலத்தில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய மைனாவும், பின்புறம் சிவந்திருக்கும் சாதாரணச் சின்னானும். வெட்டுக்கிளியை ஒழிப்பதற்காக 1762-இல் இந்தியாவிலிருந்து மொரீசியசுக்கும், காய்கறித் தோட்டங்களின் பூச்சியைத் தின்பதற்காக 1862-இல் மெல்போர்னுக்கும் மைனாவை மனிதர்களே கொண்டுபோனார்கள். இன்று ஆஸ்திரேலியாவில் மரப்பொந்துகளை அது பறித்துக்கொள்வதால் அங்குள்ள கிளிகள் கூடு வைக்க இடமின்றித் தவிக்கின்றன. கப்பலில் போய்ச் சேர்ந்த நம் காகத்தை ஒழிக்கக் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுக நகரங்கள் படாத பாடு படுகின்றன. இந்த ஊர்களின் பட்டியல்களிலெல்லாம் மைனாவும் காகமும் இருக்கின்றன. அந்தந்த ஊர் மக்கள் அவற்றை எழுதாமல் விட்டிருந்தால் எப்போது வந்தன, எவ்வளவு வேகமாகப் பரவின, எந்தப் பறவை அதனால் குறைந்தது என்பதற்கு இன்று விடையே இருந்திருக்காது.

சட்டமும் இப்போது நமக்குத் துணையாக இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாததும், பரவினால் நம் காட்டுயிர்களுக்கோ வாழிடத்துக்கோ கேடு செய்யக்கூடியதுமான உயிரினத்தை ஆக்கிரமிப்பு அயல் இனம் என்று வரையறுத்து, அதன் இறக்குமதி, விற்பனை, வளர்ப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளித்திருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டுமானால், இன்ன ஊரில் இன்ன ஆண்டிலிருந்து இந்த இனம் காட்டு நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஆதாரம் வேண்டும். அது கன்னங்குறிச்சி மாணவர்கள் எழுதுவது போன்ற குறிப்புகளிலிருந்துதான் வர முடியும்.

பிடித்துவிடலாம் என்ற யோசனையை நான் எதிர்க்கவில்லை, ஆனால் வலை கட்டுவதை மட்டும் எதிர்க்கிறேன். அந்தக் கூட்டத்தில் புள்ளிச் சில்லைகளும் இருக்கின்றன. அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, அவற்றைப் பிடிப்பது குற்றம். எதைச் செய்வதானாலும் வனத்துறைக்குத் தெரிவித்துவிட்டுச் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. கூண்டு வணிகத்துக்காகப் பிடித்துப் பிடித்தே ஜாவா சில்லையை அதன் தாயகத்தில் அருகச் செய்துவிட்டார்கள்; இன்று அது அங்கே அழியும் ஆபத்தில் உள்ள இனம். அதே பறவை ஹவாய்த் தீவுகளில் கூண்டிலிருந்து தப்பிப் புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாக மேய்கிறது. ஹாங்காங்கிலும் இதே நிலைதான்: இந்தோனேசியக் காடுகளில் அழிவின் விளிம்புக்குப் போய்விட்ட மஞ்சள்கொண்டைக் காக்கட்டூ, அந்த நகரப் பூங்காக்களில் இருநூறு அளவில் வாழ்கிறது. தன் மண்ணில் இல்லாமல் போகிற ஓர் இனத்தின் மிச்சம் வேறொரு நாட்டின் அயல் இன வரிசையில் மட்டும் உயிரோடு இருக்கும் நிலை வந்தால், அந்த வரிசையை வைத்திருப்பவர்களுக்குப் பொறுப்பு கூடுகிறது. சேலத்தில் அவை பெருக வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அயல் இனம் என்றதும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.


மறுமொழி 4
எழுதியவர்: செவ்வாய்ப்பேட்டை பறவை வளர்ப்பவர்

வணக்கம். நான் நெடுங்காலமாக ஃபின்ச், ஜாவா சில்லை, காக்கட்டீல் கிளி ஆகியவற்றை வளர்த்து வருகிறேன். நம் நாட்டுக் கிளியையும் சில்லையையும் வளர்க்கவோ விற்கவோ கூடாது என்பதால், கடைகளில் சட்டப்படி இருப்பவை எல்லாமே வெளிநாட்டுப் பறவைகள்தாம். ஆகவே தப்புவதும் அவையே. தீவனக் கிண்ணத்தை மாற்றும்போது திறந்த சின்னக் கதவைச் சாத்த மறப்பதும், மழைக்காற்றில் கூண்டு சாய்வதும், வளர்க்க முடியாமல் சிலர் திறந்துவிட்டுவிடுவதும்தான் காரணங்கள். திறந்துவிடுவதைப் புண்ணியம் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; அவர்களிடம் பேசிப் புரியவைக்கும் கடமை எங்களைப் போன்றவர்களுக்கு உண்டு. ஜாவா, பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியையும் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

ஆசிரியர் ஐயா பார்த்த வெள்ளைப் பறவை வளர்ப்பில் உருவான நிறம். காட்டில் அந்த நிறம் நிலைப்பதில்லை, வல்லூறு கண்ணுக்கு அது முதலில் படும். கால்களை நன்றாகப் பாருங்கள். சில வளர்ப்பாளர்கள் குஞ்சாக இருக்கும்போதே மூடிய வளையம் போடுவார்கள். அது வளர்ந்த பறவைக்குப் போட முடியாத வளையம் என்பதால், இருந்தால் கூண்டில் பிறந்த பறவை என்பது உறுதி. வளையம் இல்லாததால் மட்டும் காட்டில் பிறந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் நம் ஊரில் பெரும்பாலான பறவைகளுக்கு வளையமே போடுவதில்லை. வால் நுனியும் இறகு ஓரமும் தேய்ந்திருப்பது, அலகோ நகமோ மிகையாக வளர்ந்திருப்பது, ஆள் நெருங்கினாலும் பறக்காமல் இருப்பது ஆகியவையும் அண்மையில் தப்பியதைக் காட்டும்.

குஞ்சைத் தெரிந்துகொள்வதும் எளிது. கூட்டை விட்டு வெளிவந்த இளம் ஜாவாவுக்குக் கன்னத்தில் அந்த வெள்ளை இருக்காது, உடம்பு மங்கிய பழுப்பாகவும் அலகு கருமையாகவும் இருக்கும். அப்படி ஒன்று தாய்ப்பறவையின் பின்னால் தலையைத் திருப்பிக்கொண்டு இரை கேட்டால், அங்கே குஞ்சு பொரித்தது உறுதி. எங்கள் கூண்டுகளில் இவை மண்பானைக்குள் கூடு வைப்பவை. ஓட்டு வீட்டின் இடுக்கைத் தேர்ந்ததில் வியப்பில்லை. அவற்றைத் திரும்பப் பிடிக்க வலையே தேவையில்லை. பழகிய தினையையும் ஓர் ஆண், பெண் இணையையும் வைத்த கூண்டைப் பக்கத்தில் வைத்தால் பல நேரங்களில் தாமாகவே வந்து மேலே உட்காரும். வனத்துறை அனுமதித்தால் நானே கூண்டோடு வந்து உதவுகிறேன்.


மறுமொழி 5
எழுதியவர்: ஏற்காடு காப்பித்தோட்டக்காரர்

செவ்வாய்ப்பேட்டை நண்பரின் குறிப்புகள் மிகவும் பயனுள்ளவை. வாழப்பாடி அண்ணன் எழுப்பிய கேள்வியின் ஒரு பகுதிக்கு இன்னும் விடை வரவில்லை என்பதால் திரும்ப எழுதுகிறேன்.

அயல் என்பதை நாட்டின் எல்லையைக் கொண்டு மட்டும் முடிவு செய்வது எனக்கு நிறைவளிக்கவில்லை. தோளில் செம்பட்டை உள்ள பெரிய பச்சைக்கிளி இந்தியாவின் பறவைதான், நாட்டின் பட்டியலில் அதற்கு ஐயமற்ற இடம் உண்டு. ஆனால் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இன்று பறப்பவை கூண்டு வணிகத்திலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை. நாட்டின் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் இது யாருடைய கண்ணிலும் படாது. அந்தமானில் மைனாவும் கவுதாரியும் மயிலும் இந்தியப் பறவைகளாகவே இருந்தும் அந்தத் தீவுகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் மனிதர் கொண்டுபோன அயல் இனங்கள். கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்யப்படும் சில்லைகளையும் கிளிகளையும் கிடைத்த இடத்தில் பறக்கவிட்டால், அவையும் அந்த வட்டாரத்துக்கு அயலாக இருக்கலாம். மஞ்சள்தொண்டைச் சின்னானுக்குச் சேர்வராயன் மலையின் ஒரு பாறைச் சரிவே உலகம். அதற்கு இந்திய எல்லையால் ஆவது ஒன்றுமில்லை.

ஆகவே சேலம் மாவட்டத்துக்கென்று ஒரு பட்டியலைத் தனியே பேணி, அதில் இயல்பாக வாழும் இனங்களை முதலிலும், தப்பியவை, கொண்டுவந்து விடப்பட்டவை ஆகியவற்றைப் பிற்சேர்க்கையாகத் தனிப் பக்கத்திலும் வைக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. முதல் பகுதியில் அயல் இனத்தைக் கலக்காததால் பிள்ளைகளின் பார்வை மயங்காது. பிற்சேர்க்கையில் எதையும் விடாததால் தகவல் தொலையாது. வாழப்பாடி அண்ணனுக்கு இது ஏற்புடையதாக இருக்கும் என்று நம்புகிறேன். நாட்டின் பட்டியலைப் பராமரிப்பவர்கள் என்றாவது ஜாவா சில்லையைப் பற்றி முடிவெடுக்க நேர்ந்தால், அவர்களுக்குத் தேவைப்படப்போவது அந்தப் பிற்சேர்க்கைதான்.


மறுமொழி 6
எழுதியவர்: வாழப்பாடி விவசாயி

தனிப் பக்கத்தில் வைப்பதென்றால் எனக்கு மறுப்பில்லை அண்ணா. ஆனால் அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே, எங்கிருந்து தப்பியிருக்கக்கூடும், எதைத் தின்கிறது, எந்தப் பறவையின் கூட்டிடத்தைப் பிடிக்கிறது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். பெயரும் எண்ணிக்கையும் மட்டும் உள்ள பக்கம் வயலில் இருப்பவனுக்கு உதவாது. தாழ்வாரத்து இடுக்கில் முன்பு ஊர்க்குருவி கூடு வைத்திருந்ததா என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள்.


மறுமொழி 7
எழுதியவர்: கன்னங்குறிச்சி ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. மறுமொழிகளை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததில் வெள்ளைப் பறவையின் இடது காலில் வளையம் தெளிவாகத் தெரிகிறது. மற்ற இரண்டின் கால்களைக் கம்பங்கதிர் மறைக்கிறது. வனத்துறைக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். அனுமதி வந்ததும் செவ்வாய்ப்பேட்டை நண்பருக்குத் தெரிவிக்கிறேன். ஈபேர்ட் குறிப்பில் கூடு கட்டும் செய்கையையும் எழுத வேண்டுமா, முட்டையோ குஞ்சோ பார்க்காத நிலையில் அப்படி எழுதுவது மிகையாகிவிடுமா என்பது மட்டும் தெரியவில்லை.


மறுமொழி 8
எழுதியவர்: ஏற்காடு காப்பித்தோட்டக்காரர்

எழுதுங்கள் ஐயா, ஆனால் பார்த்த அளவுக்கு மட்டும். கூடு கட்டும் பொருளைச் சுமந்து சென்றது என்பதற்கு இனப்பெருக்கக் குறியீடுகளில் தனி இடம் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். புல்லிழையைக் கவ்வி எந்தச் சுவரின் எந்த இடுக்குக்குள் நுழைந்தது, வெறும் அலகோடு வெளியே வந்ததா என்பதைக் குறிப்பில் சேருங்கள். மூன்றில் எத்தனை இயல்பான நிறம், எத்தனை வெள்ளை, எதன் காலில் வளையம், மற்றவற்றின் கால் தெரியவில்லை என்பதையும் அப்படியே எழுதுங்கள். வளையம் தெரியும் படத்தையும், புல்லிழையோடு உள்ள படம் இருந்தால் அதையும் இணைத்துவிடுங்கள். பறவைகளைப் பிடித்துவிட்டால் அந்தத் தேதியையும் அதே இடத்தின் அடுத்த குறிப்பில் எழுத வேண்டும். இல்லையென்றால், அவை தாமாக அழிந்தனவா, அகற்றப்பட்டனவா என்று பின்னால் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அடுத்த அறுவடைவரை அந்த ஓட்டு வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம், ஒன்றும் இல்லாவிட்டாலும், இல்லை என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் மாணவர்களை.